சோடா தந்தவரின் எரிந்த வீடு

ஒட்சிசனைக் கண்டுபிடித்தவர் என்றுதான் பாடசாலையில் ஜோசப் பிரிஸ்ட்லியைப் படித்தேன். சோடாவும் அவர் தந்ததுதான் என்பது பிறகு தெரிந்தது.

1733இல் இங்கிலாந்தில் பிறந்த இவர் ஒரு மதபோதகர். 1767இல் லீட்ஸ் நகரில் குடியேறியபோது பக்கத்தில் ஒரு பியர் ஆலை. நொதிக்கும் பியரின் மேல் தேங்கிநின்ற காபனீரொட்சைட்டுக்குள் தண்ணீரைப் பாத்திரம் மாற்றி மாற்றி ஊற்றினார். தண்ணீர் சுள்ளென்று இனித்தது. வீடு மாறியதும் வாயுவைத் தானே செய்ய வேண்டியதாயிற்று. போத்தலில் சுண்ணக்கட்டித் தூள், மேலே ஐதான சல்பூரிக் அமிலம். எழும் வாயு ஒரு விலங்கின் சிறுநீர்ப்பையில் நிரம்பும். தண்ணீர் நிரப்பிய இன்னொரு போத்தலைக் கிண்ணத் தண்ணீரில் தலைகீழாக நிறுத்தி, குழாயைச் செருகிப் பையை அமுக்க வேண்டும். பிறகு நன்றாகக் குலுக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் வாயுவை உறிஞ்சும். இன்று போத்தல் மூடியில் ரயர் வால்வைப் பூட்டி வீட்டிலேயே பியருக்கு வாயு ஏற்றுபவர்களும் இப்படித்தான் குலுக்குகிறார்கள்.

1772இல் செய்முறையைச் சிறுநூலாக வெளியிட்டார். காசு பார்த்தவர்கள் ஷ்வெப் போன்ற வேறு ஆட்கள்.

பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்தார், அரச திருச்சபையை ஏற்கவில்லை. 1791 யூலையில் பேர்மிங்காமில் ஒரு கும்பல் அவரது வீட்டை, ஆய்வுகூடத்தை, நூல்களை, கையெழுத்துப் பிரதிகளை அழித்தது. இதை வாசிக்கையில் எனக்கு எந்த நூலகம் நினைவுக்கு வந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நட்டஈடு கிடைத்தது, கேட்டதைவிடக் குறைவாக. 1794இல் மனைவி மேரியுடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். பென்சில்வேனியாவின் நோர்தம்பர்லாந்தில் புதுவீடு, அதோடு மறுபடியும் ஓர் ஆய்வுகூடம். வீடு முடியுமுன்பே, 1796இல், மேரி இறந்துபோனார். பிரிஸ்ட்லி 1804இல் அங்கேயே காலமானார். இங்கிலாந்துக்கு அவர் திரும்பவேயில்லை.