பட்டம் பெறாத பறவை மேதை

மாசி பிறந்துவிட்டால் மும்பையில் இலவ மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் செக்கச் செவேலென்று பூத்து நிற்கும். விடியற்காலையில் காகமும் மைனாவும் கரிச்சானும் அந்தப் பூக்களுக்குள் தலையை விட்டுத் தேன் குடிக்கும். லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடுகிற கூட்டத்தில் அதை நின்று பார்க்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

இதே நகரில் பிறந்து, நின்று பார்ப்பதையே தம் வாழ்க்கையாக்கிக் கொண்டவர் டாக்டர் சலீம் அலி. அவர் பெயருக்கு முன்னால் உள்ள டாக்டர் என்ற சொல் கல்லூரியில் படித்து வாங்கியதல்ல. அவர் பி.ஏ. கூடப் படித்து முடிக்காதவர். செய்து வந்த வேலையை 33 வயதில் இழந்தவர். ஆனால் இந்தியாவில் பறவைகளைப் பற்றிப் படிக்க விரும்பும் எவரும் அவருடைய நூலைத் தொடாமல் இருக்க முடியாது. அந்த நூல்களில் மிகப் பெரியது வெளிவரத் தொடங்கியபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

பெற்றோரை இழந்த சிறுவன்

சலீம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி பம்பாயில் பிறந்தார். பல குழந்தைகள் இருந்த குடும்பத்தில் அவரே கடைக்குட்டி. ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமிருத்தீன் தியாப்ஜியும், குழந்தை இல்லாத அத்தை ஹமீதா பேகமும் எல்லாக் குழந்தைகளையும் கேத்வாடியில் இருந்த தங்கள் வீட்டில் வைத்து வளர்த்தார்கள்.

மாமா வேட்டையில் விருப்பம் உள்ளவர். மருமகனுக்கு ஒரு காற்றுத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார். சிறுவன் சலீம் அதை வைத்துக்கொண்டு சிட்டுக்குருவிகளைச் சுட்டுக் கொண்டிருந்தான். சுடுவதோடு நிற்கவில்லை. பெட்டைக் குருவி முட்டையிட்டிருக்கும் கூட்டுக்குக் காவல் இருந்த ஆண் குருவியைச் சுட்டால், சில நாளிலேயே வேறொரு ஆண் குருவி அந்த இடத்துக்கு வருவதைக் கண்டு, அதைக் குறிப்பாக எழுதி வைத்தான். அப்போது அவனுக்கு வயது பத்துக்கு முன்பின்னாகத்தான் இருக்கும். கண்டதை அன்றன்றே எழுதி வைக்கும் அந்தப் பழக்கம் கடைசி வரையில் அவரை விட்டுப் போகவில்லை.

ஒருநாள் சுட்டு விழுந்த குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்று இருந்தது. அது என்ன குருவி என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மாமா அவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பி வைத்தார். 1883ல் தொடங்கப்பட்ட சங்கம் அது. அங்கே காரியதரிசியாக இருந்தவர் மில்லார்டு என்ற ஆங்கிலேயர். கையில் செத்த குருவியுடன் தயங்கி நின்ற சிறுவனை அவர் விரட்டவில்லை. அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொல்லி, பாடம் செய்யப்பட்ட பறவைகள் இருந்த இழுப்பறைகளைத் திறந்து காட்டினார். படிக்கப் புத்தகங்களும் கொடுத்தார். ஒரு பெரியவர் ஒரு சிறுவனுக்காக ஒதுக்கிய அந்தச் சிறிது நேரம் இந்தியப் பறவை ஆராய்ச்சியின் போக்கையே மாற்றிவிட்டது.

பர்மாவும் கணக்குப் படிப்பும்

பள்ளிப் படிப்பில் சலீம் சுமார்தான். அடிக்கடி தலைவலி வேறு. 1913ல் தட்டுத் தடுமாறி மெட்ரிகுலேஷன் தேறினார். கல்லூரியில் சேர்ந்தும் நிலைக்கவில்லை. குடும்பத்துக்கு இருந்த சுரங்க, மர வியாபாரங்களைக் கவனிக்கப் பர்மாவில் உள்ள தவாய்க்குப் போனார். பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து போன இளைஞரின் கண்கள் கணக்கேட்டை விட அங்கிருந்த காடுகளிலேயே மேய்ந்து கொண்டிருந்தன.

1917ல் பம்பாய் திரும்பி, தாவர் வணிகக் கல்லூரியில் வணிகச் சட்டமும் கணக்குப் பதிவும் படித்தார். அவருடைய நாட்டம் எதில் என்பதைக் கண்டுகொண்ட செயின்ட் சேவியர்ஸ் கல்லூரிப் பாதிரியார் பிளாட்டர், விலங்கியலும் படிக்கும்படி தூண்டினார். ஒரு பக்கம் பற்று வரவு, மறுபக்கம் விலங்கியல் என்று இரண்டையும் ஒரே காலத்தில் படித்தார். 1918 டிசம்பரில் தெஹ்மினா பேகத்தை மணந்தார். மீண்டும் பர்மா. வியாபாரம் நொடித்தது. மீண்டும் பம்பாய்.

இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவை நிபுணர் வேலைக்கு முயன்றார். பட்டம் இல்லாததால் கிடைக்கவில்லை. 1926ல் பம்பாய் பிரின்ஸ் ஆப் வேல்ஸ் மியூசியத்தில் புதிதாகத் திறக்கப்பட்ட இயற்கை வரலாற்றுப் பிரிவில், பார்வையாளருக்கு விளக்கம் சொல்லும் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 350 ரூபாய். அந்தக் காலத்தில் அது நல்ல சம்பளம்.

ஆனால் இரண்டு ஆண்டுகளில் ஒரு குறை அவரை உறுத்தத் தொடங்கியது. மற்றவருக்கு விளக்கம் சொல்லும் தமக்கே பறவையியலில் முறையான பயிற்சி இல்லை என்பதுதான் அது. முப்பது வயதைக் கடந்த குடும்பஸ்தர், கற்பதற்காக விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போனார். பெர்லின் விலங்கியல் மியூசியத்தில் பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மான் அவரை மாணவராக ஏற்றுக்கொண்டார். சலீம் அலி கடைசி வரையில் தம்முடைய குரு என்று கருதியது இவரைத்தான்.

வேலை போயிற்று

1930ல் ஊர் திரும்பியபோது அதிர்ச்சி காத்திருந்தது. பணப் பற்றாக்குறையால் மியூசியத்தில் அவருடைய பதவியே எடுக்கப்பட்டுவிட்டது. வெளிநாட்டில் பயிற்சி பெற்றும் வேலை இல்லை.

கணவனும் மனைவியும் பம்பாய்த் துறைமுகத்துக்கு அப்பால், கடலோரத்தில் உள்ள கிஹிம் என்ற கிராமத்துக்குக் குடிபோனார்கள். அங்கே மழைக்காலத்தில் தூக்கணாங்குருவிகள் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டின. சலீம் அலி நாள் முழுதும் அவற்றைக் கவனித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்துகிறது. பெட்டைக் குருவிகள் வந்து கூட்டைச் சோதித்துப் பார்க்கின்றன. ஒன்றுக்குக் கூடு பிடித்துவிட்டால் அது குடியேறுகிறது. ஆண் குருவி மீதிக் கூட்டையும் கட்டி முடித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த கூட்டைக் கட்டப் போய்விடுகிறது. அங்கே வேறொரு பெட்டை. குஞ்சுகளை வளர்ப்பது தாயின் பொறுப்பு. நம் பனை மரங்களில் காலங்காலமாகத் தொங்கும் கூட்டுக்குள் இப்படி ஒரு குடும்ப ஏற்பாடு இருப்பதை முதலில் எடுத்துக் காட்டியவர் வேலையில்லாத சலீம் அலிதான்.

இந்த ஆராய்ச்சிக்கு ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. நிழலும் பொறுமையும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதுமானதாக இருந்தன.

பூவும் பறவையும்

அதே கொங்கணக் கரையில் மா மரங்களில் ஒட்டிக்கொண்டு வளரும் புல்லுருவியையும் அவர் ஆராய்ந்தார். பூக்கொத்திப் பறவை புல்லுருவிப் பழத்தை விழுங்குகிறது. பசை போன்ற விதை எச்சத்தோடு வெளிவந்து கிளையில் ஒட்டிக்கொண்டு முளைக்கிறது. தேன்சிட்டு அதன் பூவில் தேன் குடிக்கும்போது மகரந்தத்தைச் சுமந்து செல்கிறது. இவ்விரண்டு சிறு பறவைகளின் தயவில்தான் அந்தச் செடி பரவுகிறது என்று 1931ல் எழுதினார்.

அடுத்த ஆண்டு இன்னும் விரிவான கட்டுரை வந்தது. இலவம், கல்யாண முருங்கை, புரசு ஆகிய மரங்கள் வசந்த காலத்தில் இலையை உதிர்த்துவிட்டுப் பூக்கின்றன. சிவந்த பூக்கள் தூரத்திலிருந்தே பறவைகளின் கண்ணில் படுகின்றன. தேன் குடிக்க வரும் பறவையின் தலையில் மகரந்தம் ஒட்டிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகிறது. இந்தியாவில் பூக்களுக்கும் பறவைகளுக்கும் உள்ள இந்தக் கொடுக்கல் வாங்கலை ஒழுங்காகத் தொகுத்துச் சொன்னவர் அவரே.

நீலகிரியும் திருவாங்கூரும்

வருமானத்துக்கு வழி வேண்டுமே. சலீம் அலி ஒரு யோசனை செய்தார். தமக்குச் சம்பளம் வேண்டாம், முகாமுக்கும் பிரயாணத்துக்கும் செலவு கொடுத்தால் போதும், உங்கள் ராஜ்யத்தில் உள்ள பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன் என்று சுதேச சமஸ்தானங்களிடம் கேட்டார். 1931ல் ஐதராபாத்தும், 1933ல் திருவாங்கூரும் கொச்சியும் இந்த வேலையைக் கொடுத்தன. இதற்கிடையே, முதல் உலகப் போரில் ராணுவ டாக்டராக இருந்த நண்பரின் அழைப்பை ஏற்று நீலகிரியில் கோத்தகிரியிலும் சில மாதம் தங்கினார்.

சீமையில் படித்த தெஹ்மினா முகாமுக்கு முகாம் கணவனோடு சென்றார். கூடாரத்தில் குடித்தனம். அவருடைய துணை இல்லாவிட்டால் அந்த ஆண்டுகளின் வேலை நடந்திருக்காது. 1939ல் ஒரு சிறிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் எதிர்பாராத விதமாக தெஹ்மினா காலமானார். சலீம் அலிக்கு அப்போது வயது 42. குழந்தைகள் இல்லை. அவர் மறுமணம் செய்து கொள்ளவில்லை. தமக்கையின் குடும்பத்தோடு தங்கினார். துக்கத்தை வேலையில் கரைத்தார்.

இரண்டு ஆண்டுகளில், 1941ல், இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய முதல் நூல் வெளிவந்தது. வண்ணப் படத்தைப் பார்த்துப் பறவையை அடையாளம் கண்டுகொள்ளும்படி, விஞ்ஞானம் படிக்காத சாதாரண மக்களுக்காக எழுதப்பட்ட புத்தகம். ஆசிரியர் கண்ணை மூடி ஆண்டுகள் பல ஆன பின்னும் அது திரும்பத் திரும்ப அச்சாகி வந்தது.

முதுமையில் முடித்த பெரும் பணி

சுதந்திரத்துக்குப் பின் இயற்கை வரலாற்றுச் சங்கம் பண நெருக்கடியில் தத்தளித்தது. சலீம் அலி பிரதமர் நேருவுக்கு எழுதி உதவி பெற்று அதைக் காப்பாற்றினார். சிறுவனாகக் குருவியோடு நுழைந்த இடத்துக்குப் பட்ட கடனை அப்படித் திருப்பித் தந்தார்.

மோட்டார் சைக்கிள் என்றால் அவருக்கு உயிர். 1950ல், ஐம்பது வயதைக் கடந்த பின், தமது சன்பீம் வண்டியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு ஐரோப்பா சென்று, ஸ்வீடனில் உப்சாலா நகரில் நடந்த உலகப் பறவையியல் மாநாட்டுக்கு அதிலேயே போய் இறங்கினார்.

தமிழ்நாட்டோடு அவருக்கு இருந்த உறவு கோடியக்கரையில் பலப்பட்டது. வடக்கேயிருந்து குளிர்காலத்தில் வந்து, வெயில் ஏறியதும் திரும்பிப் போகும் நீர்ப்பறவைகளுக்கு அந்தச் சதுப்பு நிலம் எவ்வளவு முக்கியம் என்பதை 1960களின் தொடக்கத்திலேயே அவர் எடுத்துச் சொன்னார். 1967ல் அது சரணாலயம் ஆயிற்று. பறவைகளின் காலில் வளையம் மாட்டி அவற்றின் பயணத்தை அறியும் பணியைச் சங்கம் அங்கே நடத்தியது.

பிறகு வந்ததுதான் வாழ்நாள் சாதனை. இந்தியத் துணைக்கண்டத்தில் உள்ள 1,200க்கும் மேற்பட்ட பறவை இனங்களைப் பற்றி, அமெரிக்க நிபுணர் டில்லன் ரிப்ளேயுடன் சேர்ந்து 10 தொகுதிகள் எழுதினார். முதல் தொகுதி 1968ல் வந்தது. பத்தாவது தொகுதி 1974ல் வந்தது. அப்போது அவர் 78ஐ எட்டிக் கொண்டிருந்தார். மற்றவர்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டு சாய்வு நாற்காலியில் அமரும் வயதில் அவர் தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மலையேறினார். அகில இந்திய வானொலியில் பறவைகளைப் பற்றிப் பேசினார். சைலன்ட் வேலிக் காட்டை அணைத் திட்டத்திலிருந்து காக்க எழுந்த குரல்களில் அவருடையதும் ஒன்று.

பட்டம் இல்லை என்று வேலை மறுக்கப்பட்டவரைத் தேடிப் பட்டங்கள் வந்தன. அலிகார், டெல்லி, ஆந்திரப் பல்கலைக்கழகங்கள் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தன. 1958ல் பத்ம பூஷண், 1976ல் பத்ம விபூஷண். பால் கெட்டி பரிசாக வந்த தொகையை இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கே கொடுத்துவிட்டார். 1985ல் ராஜ்ய சபைக்கு நியமிக்கப்பட்டார். அதே ஆண்டில் சுயசரிதையும் வெளியாயிற்று. 1987ல், 90 வயதில், பம்பாயில் காலமானார்.

இன்றும் திறந்திருக்கும் பாடம்

1990ல் அவர் பெயரில் ஒரு பறவையியல் ஆய்வு மையம் கோயம்புத்தூரில் அமைந்தது. மும்பைக் கோட்டைப் பகுதியில், லயன் கேட்டுக்கு எதிரே உள்ள ஹார்ன்பில் ஹவுஸில் இயற்கை வரலாற்றுச் சங்கம் இயங்கி வருகிறது. விலங்கியல் படிக்காதவர்களும் பறவைகளைப் பற்றிக் கற்றுக்கொள்ள அந்தச் சங்கம் வகுப்புகள் நடத்தியிருக்கிறது.

தாராவியை ஒட்டி, ஒரு காலத்தில் நகரத்துக் குப்பையைக் கொட்டிய இடத்தில், மித்தி ஆற்றங்கரையில் காடு வளர்க்கப்பட்டு 1994ல் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா திறக்கப்பட்டது. தானே கடற்கழியில் ஒரு பகுதி 2015ல் பூநாரைகளின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சிவ்ரி சேற்று நிலத்திலும் பூநாரைகளைக் காணலாம். மழை தொடங்குவதற்குள் அவற்றில் பெரும்பாலானவை புறப்பட்டுவிடும். ஆகவே பங்குனியும் சித்திரையும் அவற்றைப் பார்க்க ஏற்ற காலம். குளிருக்கு வந்த வாலாட்டிக் குருவியும், ரோஜா நிற உடலும் கறுப்புத் தலையும் உள்ள சோளக்குருவியும் ஊர் திரும்பும் காலமும் அதுதான்.

இவற்றைக் கற்க வயது தடையில்லை. பிள்ளைகளைப் படிக்க வைத்து, முப்பது நாற்பது ஆண்டு பைல்களைப் புரட்டி, ஓய்வு பெற்ற பின் காலைப் பொழுதை என்ன செய்வது என்று திகைப்பவர்களுக்கு சலீம் அலியின் வாழ்க்கையில் ஒரு வழி இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மரம் போதும். தினம் ஒரே நேரத்தில் கால் மணி நேரம் அதன் அடியில் நின்று, வந்த பறவை எது, செய்தது என்ன என்று தேதி போட்டு எழுதினால் போதும். பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது. குருவியோடு வந்த சிறுவனுக்கு மில்லார்டு செய்ததும் அதுதான்.