ஷோப்பானின் நான்காம் முன்னிசை

அயல்வீட்டுச் சிறுமி ஒருத்தி பியானோப் பரீட்சைக்காக ஒரே உருப்படியைச் சில திங்களாகப் பயின்று வருகிறாள். நான் தமிழிலக்கணம் கற்பிப்பவன். ஐரோப்பிய இசையில் முறையான பயிற்சி இல்லாதவன். எனினும் மாணவர் கொப்பிகளைத் திருத்துங்கால், சுவர்கடந்து வரும் அவ்விசை என் பேனாவை நிறுத்தியதுண்டு. யாருடையதென வினவினேன். பிரெடெரிக் ஷோப்பானின் நான்காம் முன்னிசை என்றாள். இத்துணை மெதுவாக வாசிப்பதேன் எனக் கேட்டதற்கு, அவருடைய இறுதிச் சடங்கில் இசைக்கப்பட்டதாகலின் என்றாள். அவ்விடை எனக்குப் போதவில்லை. அவர் வரலாற்றையும் அவ்வுருப்படியையும் தேடிக் கற்றேன்.

ஷோப்பான் போலந்து நாட்டில், வார்சோ நகரை அடுத்த சிற்றூரொன்றில் 1810 இல் பிறந்தார். தந்தையார் பிரான்சிலிருந்து வந்து குடியேறிய மொழியாசிரியர். நம் இனத்தவர் என்பதில் எனக்கொரு மகிழ்ச்சி! 1830 நவம்பரில் ஷோப்பான் தாயகம் நீங்கினார். சில வாரங்களில் அங்கே உருசிய ஆட்சிக்கெதிராகக் கிளர்ச்சி மூண்டது. மறு ஆண்டே அது ஒடுக்கப்பட்டது. அம்மண்ணை அவர் மீண்டும் மிதிக்கவேயில்லை. பாரிசில் பியானோ கற்பித்து வாழ்ந்தார்.

1838 இன் மாரிக்காலத்தைக் கழிக்க, எழுத்தாளர் ஜோர்ஜ் சாண்ட் அம்மையாரோடு மயோர்க்காத் தீவுக்குச் சென்றார். மழையும் குளிரும் இருமலை வளர்த்தன. கயரோகம் என அஞ்சிய வீட்டுக்காரர் அவர்களை வெளியேற்றினார். வால்டெமோசாவில், துறவியர் நீங்கிய மடமொன்றில் தங்கினர். பாரிசிலிருந்து அனுப்பிய பியானோ சுங்கத்திற் சிக்கி, சனவரியிலேதான் கைக்கு வந்தது. இருபத்துநான்கு முன்னிசைகள் கொண்ட தொகுதியை அங்கே முடித்தார். அது 1839 இல் வெளிவந்தது.

நான்காவது ஒரு பக்கத்தில் அடங்குவது; 25 ஆவர்த்தங்களே. சுருதி ஈ மைனர். நம் நடபைரவிக்கு அண்மையது. மைனர் என்றாலே அழுகை என்பாரோடு நான் உடன்படேன். இதே சுருதியில் ஷோப்பானே விரைவான வால்ட்ஸ் நடனவிசையொன்றும் செய்துள்ளார். சோகம் வேறிடத்தில் உள்ளது. வலக்கை பஞ்சமத்தில் நின்று, சுத்த தைவதத்தைத் தொட்டு, மீண்டும் பஞ்சமத்துக்கே வருகிறது. போக இடமில்லாதவர் வாசலில் நிற்பதுபோல. இடக்கையின் கூட்டொலிகளோ அதன்கீழ் அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்குகின்றன. மேலே மாறாமை, கீழே நிலம் சரிகிறது.

காலப்பிரமாணத்துக்கு அவர் இட்டது லார்கோ என்னும் ஒரே சொல். மிக மெதுவாக, அகன்று என்பது பொருள். எண் எதுவும் தரவில்லை. ஆயின் தாளக்குறி ஆவர்த்தத்தை நான்காகவன்றி இரண்டாக எண்ணச் சொல்கிறது. இதனைப் பலர் நோக்குவதில்லை.

1849 அக்டோபர் 17 ஆம் நாள் பாரிசில் ஷோப்பான் மறைந்தார், வயது முப்பத்தொன்பது. அம்மாதம் 30 ஆம் நாள் மதலேன் தேவாலயத்தில் இவ்விசையை ஓர்கனில் இசைத்தனர். ஓர்கனில் விரல் அழுத்தியிருக்குமளவும் ஒலி தேயாது. பியானோவிலோ தட்டிய கணமே தேயத் தொடங்கும். அதனால் இழுத்து வாசித்தால் அந்தப் பஞ்சமம், தைவதம் வருமுன்னரே மாய்ந்துபோகும். உடல் பாரிசில் அடக்கமாயிற்று. இதயத்தை மட்டும் தமக்கையார் வார்சோவுக்குக் கொண்டுசென்றார்.

தாளக்குறியைச் சிறுமிக்குக் காட்டினேன். நேற்று மாலை இரண்டாக எண்ணி வாசித்தாள். நடுவில், விரைக என்று அவர் குறித்த இடத்தில் தடுமாறினாள். இறுதி மூன்று கூட்டொலிகளுக்கு முன் ஒரு மௌனம் உண்டு; அதிலே சரியாகக் காத்திருந்தாள். பரீட்சை அடுத்த திங்கள்.