ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ்

ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் (1812 - 1891) ஓர் அமெரிக்கப் பூட்டுத் தொழில் வல்லுனர் ஆவார். பாஸ்டன் நகரில் பிறந்த இவர், 1851 ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சியின்போது, திறக்க இயலாதவை எனக் கருதப்பட்ட இரு ஆங்கிலேயப் பூட்டுக்களைச் சாவியின்றித் திறந்து புகழ் பெற்றார். சப் பூட்டை அரை மணி நேரத்துக்குள் திறந்தார். 200 கினி பரிசு அறிவிக்கப்பட்டிருந்த பிராமா பூட்டுக்கு, 16 நாட்களில் சுமார் 51 மணி நேரம் தேவைப்பட்டது.

பூட்டின் மீது சிறு அழுத்தம் கொடுத்தபடி, உள்ளுறுப்புக்களை ஒவ்வொன்றாக உரிய நிலைக்கு நகர்த்துவது இவரது முறையாகும். பொழுதுபோக்காகப் பூட்டுத் திறக்கப் பழகுவோர் இன்று கையாளும், கம்பியால் விரைந்து வருடித் திறக்கும் முறைக்கும் இவ்வழுத்தமே அடிப்படை.

பூட்டுக்களின் குறைகளை வெளியிடுவது திருடர்களுக்கு உதவும் என்ற கண்டனம் எழுந்தது. திருடர்கள் அவற்றை முன்பே அறிவர், அறியாதோர் பூட்டை நம்பி வாங்கும் மக்களே என இவர் வாதிட்டார்.