குவென் ஜோனும் அவர் பூனையும்

வேல்ஸ் நாட்டில் 1876 இற் பிறந்த குவென் ஜோன், இலண்டன் ஸ்லேட் கலைப்பள்ளியில் 1895 முதல் மூவாண்டுகள் உருவம் வரையப் பயின்றவர். பின்பு பரிஸ் நகரில் விஸ்லரின் பள்ளியிலும் கற்றார். 1904 இல் அந்நகரிலேயே குடியேறி, சிற்பி ரொடின் முதலியோருக்கு மாதிரியாக நின்று பிழைத்தார். தம்பி அகஸ்டஸின் புகழ் அந்நாளில் தமக்கையை மறைத்திருந்தது.

தனியறையில் அவருக்குத் துணை ஒரு பூனை. தாம் குடியிருந்த வீதியின் பெயராகிய எட்கார் கினே என்பதையே அதற்கும் இட்டிருந்தார். கூலிக்கு அமர்பவர் சொன்னபடி அசையாதிருப்பர், பூனை இருக்குமோ? அது தானாக அமரும்வரை காத்திருந்தே பென்சிலாலும் நீர்வர்ணத்தாலும் தீட்டவேண்டும். அவ்வாறே பலமுறை தீட்டினார். 1908 இல் அது காணாமற்போனபோது, அதனைத் தேடி வெட்டவெளியில் இரவுகளைக் கழித்தார்.

பிற்காலத்தில் அவர் தீட்டிய பெண்களுள் ஒருத்தி கரும்பூனையொன்றை அணைத்தபடி இருக்கிறாள். காண்பவருக்காக அவள் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பூனையிடம் பழகிய பொறுமையே அவ்வோவியத்திலும் தொழிற்பட்டதென்பது எம் கருத்து.

1939 செப்ரெம்பரில் தியெப் துறைமுகநகரில் அவர் இறந்தபோது உடன் பயணப்பெட்டிகூட இருக்கவில்லை. வீட்டுப் பூனைகளைப் பராமரிக்க மட்டும் ஏற்பாடு செய்துவிட்டுப் புறப்பட்டிருந்தார்.