யார் இந்த முத்துலட்சுமி ரெட்டி? அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்காக 30 ஆண்டுகள் போராடிய டாக்டர்!

கர்ப்பிணிகளுக்கு ரூ.18,000 மதிப்பிலான உதவி தரும் அரசுத் திட்டத்தில் இவரது பெயரைப் பார்த்திருப்பீர்கள். அடையாறில் எல்லாரும் எல்.பி. ரோடு என்று சொல்லும் சாலைக்கும் டாக்டர் முத்துலட்சுமி சாலை என்பதுதான் பெயர். ஆனால் அவர் சென்னைக்கு விட்டுச்சென்ற பெரிய சொத்து, பக்கிங்காம் கால்வாய்க் கரையோரம் இருக்கும் கேன்சர் இன்ஸ்டிடியூட்.

1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். பெண் பிள்ளைகள் படிப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் டாக்டரானார். 1927-ல் சென்னை மாகாண சட்டமன்ற மேலவைக்குள் நுழைந்து, துணைத் தலைவராகவும் ஆனார். தேவதாசி முறை ஒழிப்புக்காக அவர் போராடியது தனிக் கதை.

தங்கையைப் பறித்த நோய்

1920-களின் தொடக்கத்தில் அவரது தங்கை புற்றுநோயால் இறந்தார். அக்காவே டாக்டர். அப்படியும் நோய் என்னவென்று சரியான நேரத்தில் தெரியவில்லை. டாக்டர் வீட்டுக்கே இந்த நிலைமை என்றால், கிராமத்தில் கூலி வேலை செய்பவருக்கு என்ன வழி? இந்தக் கேள்வி அவரை விடவே இல்லை.

1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று பேசினார். உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. எப்படியும் பிழைக்க மாட்டார்கள், இவர்களுக்கு எதற்கு தனி ஆஸ்பத்திரி என்பதுதான் அன்று பலரது மனநிலை. 1941-ல் பம்பாயில் டாடா நினைவு மருத்துவமனை வந்தது. கையில் காசு இருந்தால் அங்கே ரயில் ஏறலாம். மற்றவர்கள்?

அவர் ஓயவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் மூலம் 1949-ல் நிவாரண நிதி தொடங்கினார். கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்ந்தது. அடையாறில் அரசு இடம் கிடைத்தது. 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார்.

வெறும் 12 படுக்கைகள்

1954 ஜூன் 18. மருத்துவமனை திறந்தபோது இருந்தது 12 படுக்கைகள்தான். தங்கை இறந்து 30 ஆண்டுகள் ஓடியிருந்தன, முத்துலட்சுமிக்கு வயது 67. அமெரிக்காவில் பயிற்சி பெற்ற மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டே இளம் டாக்டர் சாந்தா சேர்ந்தார். 2021-ல் இறக்கும்வரை அவரது வாழ்க்கை அந்த வளாகத்திலேயே கழிந்தது.

கட்டணத்தில் ஒரு கணக்கு வைத்தார்கள். வசதி உள்ளவர் பணம் கட்டட்டும், இல்லாதவருக்கு இலவசம் அல்லது குறைந்த கட்டணம். சொல்வது சுலபம், நடத்துவதுதான் கஷ்டம். நன்கொடையை நம்பியே பல ஆண்டுகள் ஓடின. கோபால்ட் கதிர்வீச்சுக் கருவிகூட கனடா அன்பளிப்பாகத் தந்ததுதான்.

1956-ல் பத்மபூஷண் பெற்ற முத்துலட்சுமி, 1968 ஜூலை 22-ல் காலமானார். 12 படுக்கைகள் இன்று 500-ஐத் தாண்டிவிட்டன. அப்படியும் இடம் போதவில்லை. வெளி மாவட்டங்களில் இருந்தும் ஆந்திராவில் இருந்தும் ஃபைலோடு வருபவர்கள் இன்றும் அங்கே வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.