அலெக்ஸாந்தர் கிரகாம் பெல்லும் ஆயுட் பரம்பரையும்

டெலிபோன் என்னும் கருவியை உலகிற்கு அளித்தவர் அலெக்ஸாந்தர் கிரகாம் பெல் என்பதைச் சிறுவரும் அறிவர். ஆனால் அப்பெரியார் தம் முதுமையில் மிகவும் ஈடுபட்டு உழைத்த துறைகளுள், பெற்றோரின் நீண்ட ஆயுள் பிள்ளைகட்கும் உரிமையாக வருமோ என்னும் ஆராய்ச்சியும் ஒன்று என்பதைப் பலர் அறியார். அதனையே ஈண்டு எழுதப் புகுந்தோம். டெலிபோனின் கதையைத் தேடி இப்பக்கங்களைப் புரட்டுவோர் நம்மைப் பொறுத்தருள்வாராக.

பெல் 1847-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 3-ந் தேதி ஸ்காத்லாந்து தேசத்து எடின்பரோ நகரிற் பிறந்தார். தந்தையார் மெல்வில் பெல் என்பார், பேச்சொலிகள் வாயில் எங்கெங்கு எவ்வாறு பிறக்கின்றன என்பதைக் குறிகளாற் காட்டும் முறையொன்றை வகுத்துப் புகழ் பெற்றவர். தாயார் எலைசா அம்மையாருக்குச் செவிப்புலன் பெரிதும் குன்றியிருந்தது. பிறர் குழற்கருவியின் வழியாக அவரோடு பேச, பெல் மட்டும் அன்னையின் நெற்றியருகே வாய் வைத்துத் தாழ்ந்த குரலிற் பேசுவது வழக்கம். மைந்தர் மூவர், பெல் நடுப்பிள்ளை. இளையவர் எட்வர்டு 1867-ம் ஆண்டில் இருபது வயது நிரம்புமுன்னரே க்ஷயரோகத்தால் மாண்டார். மூன்றாண்டு சென்று, மூத்தவரும் அந்நோய்க்கே இரையாயினார். எஞ்சி நின்ற ஒரு மகனும் உடல் மெலிந்திருக்கக் கண்ட பெற்றோர் நெஞ்சம் பட்ட பாட்டை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தந்தையார் தம் இளமையில் நோயுற்றபோது கடல் கடந்து நியூபவுண்டுலாந்து சென்று தேறியவர். ஆதலின் ஊரையும் தொழிலையும் துறந்து, 1870-ம் ஆண்டிலேயே மகனை அழைத்துக்கொண்டு கானடா தேசத்துப் பிராந்த்பர்டு என்னும் ஊரிற் குடியேறினார். மகன் பிழைத்தான்.

அடுத்த ஆண்டு பெல் பாஸ்டன் நகர் சென்று, காது கேளாச் சிறுவர்க்குப் பேச்சுக் கற்பிக்கும் ஆசிரியரானார். 1876-ம் ஆண்டு மார்ச்சு 7-ந் தேதி டெலிபோன் உரிமைப் பத்திரம் பெற்றதும், மூன்று நாட் சென்று கம்பி வழியே மனிதக் குரல் தெளிவாகக் கேட்டதும் யாவரும் அறிந்தவை. 1877-ல் தம் மாணாக்கியாக இருந்த மேபல் ஹப்பர்டு என்னும் நங்கையை மணந்தார். அவர் ஐந்தாம் வயதிற் செங்காய்ச்சலாற் செவிப்புலனை முற்றும் இழந்தவர்; பிறர் இதழசைவை நோக்கியே பேச்சை உணர்பவர். இவர்கட்குப் பெண்மக்கள் இருவர் வளர்ந்தனர். ஆண்மக்கள் இருவரும் பிறந்தவுடன் இறந்தனர்.

இனி நாம் கூறவந்த பொருளை அணுகுவோம். பிரெஞ்சு அரசாங்கத்தார் 1880-ல் வழங்கிய வோல்தாப் பரிசின் பொருளைக் கொண்டு பெல் ஆராய்ச்சிக் கூடம் அமைத்தார். பின்னர் வாஷிங்டன் நகரிற் காது கேளாதோர் பற்றிய செய்திகளைத் திரட்டும் நிலையம் ஒன்றையும் நிறுவினார். மார்த்தாஸ் வினியார்டு என்னும் தீவிற் செவிடர் பலராக இருப்பதைக் கேள்வியுற்று, அங்குள்ள குடும்பங்களின் வமிசாவளிகளைத் துருவி ஆராய்ந்தார். கேட்கும் செவியுடைய தாய் தந்தையர்க்குச் செவிட்டுப் பிள்ளைகள் பிறக்கும் காரணம் அவருக்கு விளங்கவில்லை. இரு பெற்றோரிடத்தும் வெளிப்படாது மறைந்து கிடக்கும் தன்மை பிள்ளையிடத்து ஒன்றுகூடி வெளிப்படும் என்னும் மெண்டலின் விதி 1866-லேயே அச்சேறியிருந்தும், 1900 வரை உலகம் அதனைப் பாராதிருந்தது.

விளங்காத நிலையிலும் பெல் ஒரு முடிவுக்கு வந்தார். செவிடர் செவிடரையே மணந்து வந்தால் செவிடர் இனம் ஒன்று தோன்றிவிடும் என அஞ்சி, 1883-ல் அமெரிக்க விஞ்ஞானப் பேரவையில் ஒரு கட்டுரை படித்தார். அவர்கட்கெனத் தனிப் பள்ளிகளும் கைச்சாடை மொழியும் அத்தகைய மணங்களை வளர்க்கின்றன என்பது அவர் கருத்து. தாயும் மனைவியும் கேளாதவராயிருக்க, தம் வாழ்நாளை அவ்வகையார்க்கே ஈந்த ஒருவர் இவ்வாறு எழுதியது செவிடர் சமூகத்தாரை ஆழப் புண்படுத்தியது. அப்புண் இன்றும் ஆறிற்றில்லை. அவர்கள் வருந்தியது நியாயமே என்பது நம் எண்ணம். எட்வர்டு பே என்னும் அறிஞர் நாலாயிரத்துக்கு மேற்பட்ட அத்தகைய மணங்களை ஆராய்ந்து, பிறந்த பிள்ளைகளிற் பெரும்பாலார் கேட்கும் செவியினரே எனக் காட்டினார். அந்நூலை 1898-ல் வெளியிட்டது பெல் நிறுவிய நிலையமே என்பதையும் சொல்லாது விடுதல் தகாது.

கேப் பிரெட்டன் தீவிற் பென் வ்ரீயா என்னும் தம் மலைமனையில், இரட்டைக் குட்டி ஈனும் ஆட்டினத்தைப் பெருக்க முயன்று முப்பது ஆண்டுக்கு மேல் அவர் ஆடு வளர்த்ததும் இப்பரம்பரை ஆராய்ச்சியின் ஒரு கிளையே. மந்தையின் கணக்கேடுகள் பெருகிய அளவுக்குப் பயன் பெருகவில்லை. ஆயினும் கணக்கு எழுதும் பழக்கம் முதிர்ந்து மனிதர்பாற் சென்றது.

வால்வொர்த் என்னும் நீதிபதி 1864-ல் அச்சிட்ட ஹைடு குடும்ப வரலாறு பெல்லின் கைக்கு வந்தது. கனெக்டிகட் நாட்டு நார்விச் நகரில் வாழ்ந்த வில்லியம் ஹைடு என்பாரின் வழித்தோன்றல் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் அடங்கியிருந்தனர். இறந்த வயது தெரிந்தவர்களை எல்லாம் பிரித்தெடுத்துப் பெற்றோரின் வயதோடு ஒப்பிட்டு, 1918-ல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். தாய் தந்தை இருவரும் எண்பதுக்கு மேல் வாழ்ந்திருந்தால் மக்களின் சராசரி ஆயுள் 52.7 ஆண்டு, இருவரும் அறுபதுக்குள் இறந்திருந்தால் 32.8 ஆண்டு. இடைவெளி ஏறக்குறைய இருபது ஆண்டு! நீண்டு வாழ்வோர் பிள்ளைகளையும் மிகுதியாகப் பெறுதலின், மனித இனம் தலைமுறைதோறும் தானே வலிமை பெற்று வருகின்றது என்றும் அவர் கருதினார். மனிதரைத் தேர்ந்து பெருக்க வேண்டும் என்ற யூஜெனிக்ஸ் இயக்கத்தின் சர்வதேச மகாநாடு 1921-ல் நியூயார்க்கிற் கூடியபோது அதன் கௌரவத் தலைவராகவும் அமர்ந்தார். அவ்வியக்கம் பல நாடுகளில் எளியோர்க்கு இழைத்த தீங்கை அறிந்த நமக்கு அவரை அவ்விருக்கையிற் காண்பது உவப்பன்று.

பெல்லின் எண்கள் பொய்யல்ல; பொருள் கொள்ளுதலே அரிது. பெற்றோரை இளமையில் இழந்த குழந்தை பரம்பரைக் குணத்தை மட்டுமோ இழக்கின்றது? சோற்றையும் காவலையும் இழக்கின்றதே. க்ஷயம் புகுந்த வீட்டில் தந்தையும் மகனும் ஒரே காற்றையன்றோ உட்கொள்கின்றனர்? டென்மார்க்கு நாட்டில் 1870 முதல் 1900 வரை பிறந்த இரட்டையரை ஆராய்ந்தோர், ஆயுளின் வேறுபாட்டில் நாலில் ஒரு பங்களவே பரம்பரையைச் சார்ந்தது என 1996-ல் வெளியிட்டனர். 2018-ல் பல கோடி மக்களின் வமிசாவளிகளை ஆராய்ந்தோர், தம்மை ஒத்தாரையே மணக்கும் வழக்கத்தைக் கழித்துப் பார்க்கின் அது பத்தில் ஒரு பங்கினும் குறையும் என்றனர். எவ்வளவு என்பதில் வழக்கு இன்னும் தீரவில்லை. எனினும் பரம்பரைக்குப் பங்கே இல்லை என்பாரும் இலர். ஏபிஓஈ என்னும் ஜீனின் ஒரு வகை மறதிநோய்க்கும் இருதய நோய்க்கும் இடந்தந்து ஆயுளைக் குறைக்கின்றது. பாக்ஸோ-3 என்னும் ஜீனின் ஒரு வகை தொண்ணூறு கடந்தோரிடத்து மிகுதியாகக் காணப்படுகின்றது.

பெல்லின் குடும்பத்தையே அவர் அட்டவணையில் வைத்துப் பார்ப்போமாக. தாயார் 87 வயதிலும், தந்தையார் 1905-ல் 86 வயதிலும் காலமாயினர். பட்டியலின் மிக உயர்ந்த வரிசை அவர்களுடையது. அவ்வரிசைக்குரிய மைந்தர் மூவருள் இருவரைத்தான் க்ஷயம் இளமையிலேயே கொண்டு சென்றது.

எஞ்சிய ஒருவரை நீரிழிவு பற்றியது. அந்நோய்க்கு மருந்தான இன்சுலின் அதே கானடா தேசத்து டொராண்டோ நகரில் 1921-ல் கண்டறியப்பட்டு, 1922 ஜனவரியில் முதல் நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. அது பரவுமுன்னர், ஆகஸ்டு 2-ந் தேதி, பென் வ்ரீயாவில் 75-ம் வயதிற் பெல் உயிர் நீத்தார். இரண்டு நாட் சென்று அவரை மலையுச்சியில் அடக்கம் செய்தபொழுது வட அமெரிக்கா முழுவதும் டெலிபோன்கள் ஒரு நிமிஷம் வாய்மூடி நின்றன. மேபல் அம்மையாரும் 1923 ஜனவரியிற் கணவரைப் பின்தொடர்ந்தார். பெண்மக்களுள் இளையவர் 82 வயதுவரையும் மூத்தவர் 86 வயதுவரையும் வாழ்ந்தனர்.