ஜே. பி. எஸ். ஹால்டேன்

ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் (நவம்பர் 5, 1892 – டிசம்பர் 1, 1964) இங்கிலாந்தில் பிறந்து, இந்தியக் குடிமகனாக மறைந்த உயிரியல் அறிஞர் ஆவார். படிவளர்ச்சிக் கொள்கையைக் கணிதத்தின் துணையுடன் மரபியலோடு இணைத்தவர்களுள் ஒருவராகவே இவர் பெரிதும் அறியப்படுகிறார். எனினும், மூச்சை எது கட்டுப்படுத்துகிறது என்ற கேள்வி இளமை முதல் இறுதிவரை இவரைத் தொடர்ந்தது.

இளமை

ஆக்சுபோர்டில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் புகழ்பெற்ற உடலியங்கியல் அறிஞர். நுரையீரலின் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகளில், மெல்லிய சுவரின் வழியே ஆக்சிசன் குருதிக்குள்ளும் கார்பன் டைஆக்சைடு வெளியேயும் பரவுகின்றன. இயல்பான நிலையில் மூச்சின் அளவைத் தீர்மானிப்பது ஆக்சிசன் குறைவு அன்று, நுண்ணறைகளில் உள்ள கார்பன் டைஆக்சைடே என்பதைத் தந்தையும் பிரீஸ்ட்லியும் 1905இல் நிறுவினர்.

சிறுவனாயிருந்த மகனைத் தந்தை நிலக்கரிச் சுரங்கத்திற்கு அழைத்துச் சென்று, மீத்தேன் கலந்த காற்றில் நிற்கவைத்து சேக்சுபியர் நாடக வசனத்தை ஒப்பிக்கச் சொன்னார். சற்று நேரத்தில் மூச்சிரைத்துக் கால்கள் தளர்ந்து சிறுவன் கீழே விழுந்தான். தரையில் மூச்சு சீரானது. மீத்தேன் காற்றைவிட இலேசானது, மேலேயே தங்கும் என்ற பாடம் அவ்வாறு கற்பிக்கப்பட்டது.

தம் உடலில் செய்த ஆய்வுகள்

கார்பன் டைஆக்சைடு குருதியில் கரைந்து அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. அப்படியானால் வேறு வழியில் குருதியை அமிலமாக்கினாலும் மூச்சு மிகவேண்டும். இதைச் சோதிக்க விலங்கைத் தேடாமல், 1920களின் தொடக்கத்தில் ஹால்டேன் தாமே அம்மோனியம் குளோரைடு கரைசலைக் குடித்தார். கல்லீரல் அம்மோனியாவை யூரியாவாக்க, ஐதரோகுளோரிக் அமிலம் எஞ்சியது. நாட்கணக்கில் மூச்சிரைப்பு நீடித்தது. சமையல் சோடா குடித்தபோது எதிரான விளைவு ஏற்பட்டது. இந்த உப்பு பின்னர் குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்புக்கு மருந்தாகப் பயன்பட்டது.

பூச்சிகளுக்கு நுரையீரல் இல்லை. நுண்குழல்கள் காற்றை நேரே திசுக்களுக்குக் கொண்டு செல்கின்றன. பரவல் குறுகிய தொலைவுக்கே போதுமாகையால் பூச்சியின் உடல் பருக்க இயலாது என உயிரினங்களின் அளவைப் பற்றிய 1926ஆம் ஆண்டுக் கட்டுரையில் விளக்கினார்.

1939 சூனில் தீட்டிசு என்ற நீர்மூழ்கிக் கப்பல் லிவர்பூல் விரிகுடாவில் மூழ்கி 99 பேர் இறந்தனர்; நால்வரே தப்பினர். இறந்தவர்களுக்காகத் தொழிற்சங்கங்கள் ஹால்டேனை நாடின. தோழர்கள் நால்வருடன் காற்றுப்புகாத அறையில் பல மணிநேரம் அடைபட்டிருந்து, தேங்கும் கார்பன் டைஆக்சைடு மனிதனை எவ்வாறு செயலிழக்கச் செய்கிறது என்று பதிவு செய்தார். போர்க்காலத்தில் உயர் அழுத்த ஆக்சிசனைச் சுவாசித்த சோதனையில் வலிப்பு கண்டு முதுகெலும்பில் காயமுற்றார். அந்த வலி நெடுங்காலம் நீடித்தது.

இந்தியாவில்

சூயசு படையெடுப்பைக் கண்டித்து, 1957இல் மனைவி எலன் சுபர்வேயுடன் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கிருந்து 1961இல் விலகி, அடுத்த ஆண்டு புவனேசுவரம் சென்றார். சென்னை 'தி இந்து' நாளிதழிலும் அறிவியல் கட்டுரைகள் எழுதினார்.

தந்தையின் கேள்வியை இங்கு ஒரு மீனிடம் கேட்டார். தமிழகக் குளங்களிலும் வயல்களிலும் காணப்படும் பனையேறிக் கெண்டைக்குச் செவுள்கள் மட்டும் போதா. செவுள்களுக்கு மேலுள்ள மடிப்பு மடிப்பான உறுப்பில் ஆக்சிசனை ஏற்க, அது அடிக்கடி நீர்மட்டத்திற்கு வந்து காற்றை விழுங்குகிறது. ஆக்சிசன் குறைந்த நீரில் மேலே வரவிடாமல் தடுத்தால் மீனே மூழ்கி இறக்கும். (பனை ஏறுகிறதோ இல்லையோ, ஈரத்தரையில் ஊர்வது உண்மை.) இம்மீனின் மூச்சுக் கட்டுப்பாடு குறித்து எலனும் ஹால்டேனும் எழுதிய கட்டுரை, தந்தையின் நூற்றாண்டையொட்டிய தொகுப்பு நூலில் 1963இல் வெளிவந்தது.

மறைவு

புற்றுநோயால் 1964இல் புவனேசுவரத்தில் காலமானார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு, மாணவர்களின் பயன்பாட்டிற்காக அளிக்கப்பட்டது.